ஈரல், கணையம்: டாக்டர் சொன்னதும் நமக்குப் புரிந்ததும்

பாலக்கோட்டான்:
அப்பாவுக்கு ஈரல் சுருக்கம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டே "மோஷன் ஃப்ரீயா போகணும், லாக்டுலோஸ் சிரப்பை விடாதீங்க" என்றார். மலச்சிக்கலுக்கு என்று நினைத்துக்கொண்டோம். நாலாம் நாள் மூன்று தடவை போனார், அம்மா "வயித்தால போகுது, இன்னும் எதுக்கு இது" என்று பாட்டிலை அலமாரியில் ஏற்றிவிட்டார், நானும் சரி என்றேன். அப்புறம் மூன்று நாள் மோஷனே இல்லை. ராத்திரி முழுக்க விழிப்பு, பகலெல்லாம் தூக்கம். ஒரு காலையில் பார்த்தால் தட்டில் இருந்த களியை உருட்டி உருட்டிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஊருங்க?" என்றார். பெற்ற மகனை.

மறுபடி சேர்த்தபோது டூட்டியில் இருந்த சின்ன வயது டாக்டரம்மா கையை நீட்டச் சொன்னார், கை பறவை றெக்கை மாதிரி அடித்துக்கொண்டது. "ஈரல் சுத்தம் பண்ணாத அம்மோனியா மூளைக்குப் போகுது, அது மலத்தோட வெளிய போகத்தான் இந்த சிரப். தினம் ரெண்டு மூணு தடவை இளக்கமா போனாத்தான் சரி." சொல்லி முடிக்க அரை நிமிஷம் ஆகவில்லை. முதல் தடவையே அதைச் சொல்லியிருக்கலாம் இல்லையா?

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்:
தம்பிக்குக் "கணையத்தில் கல்" என்றார்கள். கல் என்றால் நம்ம பக்கம் ஒரே வைத்தியம்தானே, ரெண்டு மாசம் வாழைத்தண்டு சாறு. கிட்னிக் கல் வேறு, இது வேறு என்று யாரும் சொல்லவில்லை. எடை இறங்கிக்கொண்டே போனது. மலத்தில் எண்ணெய் மிதந்ததை வெட்கப்பட்டு அவன் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. செரிமானத்துக்குக் கொடுத்த கேப்சூலை (விலை கேட்டால் தலை சுற்றும்) சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுக்கொண்டிருந்தான். சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போனால்தான் வேலை செய்யுமாம்.

ஓசூர் டிரைவர்:
பாலக்கோட்டாரே, டாக்டரையே குறை சொன்னால் எப்படி? ஓபியில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தீர்களா? "எதுக்கு சார் இந்த சிரப்" என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. எங்கள் மாமாவுக்குப் பித்தக்குழாயில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கிற சின்னக் குழாய்) வைத்தார்கள், பெங்களூரில். மூன்று மாசத்தில் மாற்ற வரணும் என்றதைக் கன்னடத்தில் சொன்னார்கள், நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம், ஏழாம் மாசம் அடைத்துக்கொண்டு குளிர்காய்ச்சலும் மஞ்சள் கண்ணுமாக ஓடினோம். தப்பு எங்களுடையது. அதனால் சொல்கிறேன், நோயாளியோடு எப்போதும் ஒரே ஆளே போங்கள், ஆள் மாறினால் கதையும் மாறும். டாக்டர் சொன்னதை அவர் எதிரிலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கீழாநெல்லியோ வேறு நாட்டு மருந்தோ சாப்பிட்டால் மறைக்காதீர்கள், குடித்தாலும்தான். ஈரல்காரர்களுக்கு மூட்டுவலி மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்கித் தராதீர்கள். தார் மாதிரி கறுப்பாக மலம் போனாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ ரிவ்யூ தேதி வரட்டும் என்று உட்காராதீர்கள், அன்றைக்கே ஓடுங்கள்.

ஊத்தங்கரை மருமகள்:
அண்ணா, கேள்வி கேட்டால் "நீ டாக்டரா, நான் டாக்டரா" என்ற இடத்துக்கும் போய் வந்திருக்கிறேன். அத்தைக்கும் ஈரல் சுருக்கம்தான். இருபது வருஷ சுகர், உடம்பும் கனம், அதனால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து வந்தது. வார்டில் அத்தனை பேர் எதிரில் "எத்தனை வருஷமா குடிக்கிறாங்க?" என்று சத்தமாகக் கேட்டார்கள். அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். ஐந்து மாசம் ஆகிறது, ரிவ்யூவுக்கு வரமாட்டேன் என்கிறார். யாரைச் சொல்லி அனுப்பினால் கேட்பார் என்று தெரியவில்லை.

பாலக்கோட்டான்:
ஓசூராரே, கேட்டிருக்கலாம்தான். மலச்சிக்கல் மருந்து என்று முடிவே கட்டியவன் எதைக் கேட்பான்? ஊத்தங்கரை தங்கச்சி, அடுத்த வாரம் அப்பாவைக் கூட்டிப் போகிறேன், அந்த டாக்டரம்மாவுக்கு எந்த நாள் ஓபி என்று கேட்டு எழுதுகிறேன். இங்கே அம்மா தினம் காலண்டரில் மோஷனுக்கு ஒரு கோடு போடுகிறார். நேற்று ஒரே கோடு. டாக்டரம்மா சொல்லி வைத்தபடி ராத்திரி சிரப்பை ஒரு மூடி அதிகமாக ஊற்றிக் கொடுத்தோம்.