தனி ஆடியோவை வீடியோவோடு சேர்த்தால் போகப்போக விலகுகிறது, உதவி தேவை

தவில்வீட்டுப்பிள்ளை:
வணக்கம். எங்கள் ஊர்க் கோயிலில் நடந்த நாகஸ்வரக் கச்சேரியை போனில் எடுத்தேன். அப்பாதான் தவில். ஒரு மணி நேர வீடியோ. போனில் பதிவான சத்தத்தில் பாதி ஜெனரேட்டர்தான். மைக்செட்காரர் மிக்சரிலிருந்து எடுத்த வேவ் கோப்பைக் கொடுத்தார், பிரமாதமாக இருக்கிறது. ஷாட்கட் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் இரண்டையும் போட்டுத் தொடக்கத்தைப் பொருத்தினேன். ஆனால் தனி ஆவர்த்தனம் வரும்போது அடி காதில் விழுந்த பிறகுதான் கை இறங்குகிறது. என்ன செய்யலாம்?

காவிரிக்கரை:
சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை சத்தத்தை அளந்து பதிகிறது என்பது) ஒன்றில் 44.1, இன்னொன்றில் 48 கிலோஹெர்ட்ஸாக இருக்கும் தம்பி. மாற்றிப் பாருங்கள்.

எடிட்டிங் மேசை:
அதுவாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிடம் போல விலகியிருக்கும், சுருதியும் ஒன்றரை ஸ்வரம் ஏறியிருக்கும். இது வேறு. தம்பி, விலகல் சீராகக் கூடுகிறதா, திடீரென்று குதிக்கிறதா?

தவில்வீட்டுப்பிள்ளை:
சீராகத்தான் அண்ணா. 20ஆவது நிமிடத்தில் கால் நொடி, 40இல் அரை, கடைசியில் முக்கால்.

எடிட்டிங் மேசை:
அப்போ கடிகார வித்தியாசம். போனும் ரெக்கார்டரும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுகின்றன. இரண்டும் 48,000 என்று சொல்லிக்கொண்டாலும் கொஞ்சம் முன்பின் இருக்கும். குதித்திருந்தால் ஃபிரேம் விட்டுப்போயிருக்கும், அது பெரிய தலைவலி. உங்களுக்கு அது இல்லை.

போன் சத்தத்தை இப்போதே நீக்கிவிடாதீர்கள், அதுதான் அளவுகோல். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வீடியோவையும் வேவையும் திறந்து மேலும் கீழுமாக வையுங்கள் (வீடியோ திறக்க எஃப்எஃப்எம்பெக் நூலகம் வேண்டும்). நாகஸ்வரத்தை நம்பிப் பொருத்த வேண்டாம், நீண்ட கார்வையில் முனையே தெரியாது. தவிலில் கழி விழுகிற அடி அலையில் ஊசிபோல நிற்கும். தொடக்கத்தில் ஒரு அடி, கடைசியில் ஒரு அடி எடுத்து இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். உங்கள் கணக்கில் 3600 நொடிக்கு 0.75, அதாவது சுமார் 0.021 சதவீதம். வேவ் முழுவதையும் தேர்ந்தெடுத்து, வேகம் மாற்றும் எஃபெக்டில் −0.021 கொடுங்கள்.

பழைய ரீல்:
இவ்வளவு எதற்கு? வீடியோவையும் ஆடியோவையும் ஒரே எம்கேவி கோப்பாகக் கட்டும் எம்கேவி டூல்நிக்ஸ் மென்பொருளில் ‘ஸ்ட்ரெட்ச்’ கட்டத்தில் விகிதத்தைப் போட்டால் முடிந்தது.

எடிட்டிங் மேசை:
அது வெறும் நேரக்குறியைத்தான் நீட்டும் சார். வசன வரிகளுக்கும் படத்துக்கும் சரி. ஆடியோவுக்கு வேண்டாம் என்று டூல்நிக்ஸ்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

தவில்வீட்டுப்பிள்ளை:
வேகத்தைக் குறைத்தால் சுருதி இறங்காதா? அப்பா உடனே கண்டுபிடித்துவிடுவார்.

எடிட்டிங் மேசை:
பக்கத்து ஸ்வரத்துக்குப் போக ஏறத்தாழ ஆறு சதவீதம் மாற வேண்டும். இது 0.021. அப்பாவுக்கும் தெரியாது, நாயனக்காரருக்கும் தெரியாது.

இன்னொன்று, போன் எவ்வளவு தூரத்தில் இருந்தது? 20 மீட்டர் என்றால் ஒலி அங்கே வர கிட்டத்தட்ட 60 மில்லிசெகண்ட் ஆகியிருக்கும். போன் சத்தத்தோடு அலைக்கு அலை பொருத்தினால் அந்தத் தாமதமும் கூடவே வரும். அதனால் பொருத்திய பிறகு வேவை 60 முன்னால் இழுங்கள். 30 ஃபிரேம் வீடியோவில் அது ஏறக்குறைய இரண்டு ஃபிரேம். தவிலில் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் டூல்நிக்ஸில் வீடியோவையும் புது வேவையும் சேர்த்து, போன் ஆடியோவின் டிக்கை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். படத்தை மறுபடி என்கோட் செய்யாது, தரம் அப்படியே இருக்கும்.

தவில்வீட்டுப்பிள்ளை:
60 இழுத்ததும் கழியும் அடியும் ஒட்டிக்கொண்டன அண்ணா! கணினியில் அருமை. டிவியில் பென்டிரைவ் போட்டால் மட்டும் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை.

எடிட்டிங் மேசை:
எம்கேவிக்குள் வேவ் இருந்தால் சில டிவிகள் பாடாது. அவிடெமக்ஸ் என்ற வீடியோ மென்பொருளில் திறந்து வீடியோவுக்கு ‘காப்பி’, ஆடியோவுக்கு ஏஏசி (சுருக்கிய ஒலி வடிவம்), கீழே கோப்பு வகையாக எம்பி4 தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அளவும் குறையும், வேவ் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு 690 எம்பி பிடிக்கும். மூல வேவை மட்டும் அழித்துவிடாதீர்கள்.