ஒன்றரை மாத நாய்க்குட்டிகளுக்கு முடி கொட்டுது, கரி ஆயில் தேய்க்கலாமா?

வேர்க்கிளம்பி வாசி:
எங்கள் விறகுப்புரையில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. மற்றதை எல்லாம் ஆட்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், இப்போது ஒரு ஆண்குட்டியும் ஒரு பெண்குட்டியும் தாயோடு நிற்கிறது. வயது ஒன்றரை மாதம் இருக்கும். ஆண்குட்டிக்கு ஒரு கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முடி கொட்டித் தோல் தெரிகிறது, ஆனால் அது சொறிவதே இல்லை, ஓடி விளையாடுகிறது. பெண்குட்டி நேர் எதிர். ராத்திரி பூரா சொறிதான், காதோரத்தில் தவிடு ஒட்டினதுபோல் பொருக்கு, முன்னங்கால் முட்டியிலும் அப்படியே, அடிவயிற்றில் சீழ் வைத்த சின்னச் சின்னக் கொப்புளம். மழை விட்டபாடில்லை, புரைக்குள் எப்போதும் ஈரம். பக்கத்து வீட்டு மாமா வண்டியில் வடித்த கரி ஆயிலைத் தேய்த்தால் ஒரே வாரத்தில் போய்விடும் என்கிறார், அம்மா வேப்பெண்ணெய் என்கிறாள், மெடிக்கலில் படர்தாமரைக்கு என்று ஒரு டியூப் தந்தார்கள், இன்னும் பிரிக்கவில்லை. தடுப்பூசி ஒன்றும் போடவில்லை. எதைத்தான் பூச?

குலசேகரம் தோட்டம்:
கரி ஆயில் மட்டும் வேண்டாம். எங்கள் பக்கம் ரப்பருக்கு அடிக்கிற கந்தகப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழப்பித் தேய்ப்போம், பெரிய நாய்களுக்கு நன்றாகவே கேட்கும். குட்டிக்கும் கொஞ்சமாகத் தேய்த்துப் பாருங்கள்.

பூதப்பாண்டி அக்கா:
தம்பி, முதலில் எதையும் பூசாதே. நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டு குட்டிக்கும் இரண்டு வேறு நோய், ஒரே மருந்தை இரண்டுக்கும் தேய்க்கிற கதை இல்லை இது.

ஆண்குட்டிக்கு இருப்பது பெரும்பாலும் டெமோடெக்ஸ். முடிக்கால் குழிக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி, பிறந்த முதல் சில நாட்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து ஒட்டிக்கொள்வது, அதனால்தான் முகத்தில் முதலில் காட்டுகிறது. இது மனிதருக்குத் தொற்றாது. முகத்தில் நாலைந்து இடத்தோடு நின்றால், குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி ஏற ஏற அநேகமாகத் தானே முடி முளைத்துவிடும். வயிற்றில் புழு, சாப்பாடு போதாமை, ஈரப் படுக்கை, இதெல்லாம் சேர்ந்தால் உடம்பெங்கும் பரவலாம். பாதம் வீங்கிச் சீழ் வைக்க ஆரம்பித்தால் அது வேறு நிலை, மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டிவரும்.

பெண்குட்டிதான் அவசரம். காதோரம், முட்டி, விடாத சொறி என்றால் சொறிப்பூச்சி, டாக்டர்கள் சார்காப்டிக் என்பது. ஒன்று செய்து பார். அதன் காதுமடலின் ஓரத்தை மடக்கி உன் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெதுவாகத் தேய், அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகச் சொறிகிறமாதிரி ஆடினால் சந்தேகம் பலமாகிறது. இது ஆளுக்கும் ஒட்டும், குட்டியைத் தூக்குகிற கையிலும் வயிற்றிலும் சிவந்த புள்ளி வந்து அரிக்கும். நாய்க்குச் சரியானால் நமக்கும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அப்புறம் தெள்ளு இருக்கிறதா என்று பார். வெள்ளைத்தாளை நனைத்து விரித்து அதன்மேல் குட்டியின் முதுகைச் சீவு, விழுகிற கறுப்புத் தூள் தாளில் செம்மண் நிறத்தில் ஊறினால் அது தெள்ளின் எச்சம், அதாவது குடித்த ரத்தம். இத்தனை சின்னக் குட்டியில் தெள்ளு மொய்த்தால் ரத்தசோகையில் செத்தே போகும், அதனால் ஈறு வெளுத்திருக்கிறதா என்றும் வாயைத் திறந்து பார்த்துவிடு.

அந்த டியூபில் குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று எழுதியிருந்தால் தொடாதே, ஸ்டீராய்டு. அரிப்பு இரண்டு நாள் அடங்கும், டெமோடெக்ஸ் நெருப்பாய்ப் பரவும். குலசேகரம் அண்ணன் சொன்ன கந்தகத்தில் பாதி உண்மை இருக்கிறது, சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலில் குளிப்பாட்டுவது வைத்தியத்தில் இருப்பதுதான், ஆனால் அது அளவு பார்த்துத் தயாரித்தது. தோட்டத்துப் பொடியைத் தேய்த்தால் குட்டி நக்கும், தாயும் நக்கும். கரி ஆயிலைப் பற்றிப் பேசவே வேண்டாம், தோல் வெந்து உரிந்த குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன், மாமாவிடம் சொல்லு.

வேர்க்கிளம்பி வாசி:
அக்கா, பெண்குட்டியின் காதைத் தேய்த்தேன், கால் படபடவென்று ஆடுகிறது. ஆண்குட்டிக்கு ஒன்றும் இல்லை. தாளில் கறுப்புத் தூள் கொஞ்சம் விழுந்தது, ஆனால் சிவக்கவில்லை, வெறும் மண்தான் போல. அம்மாவுக்கு முழங்கையின் உள்பக்கம் இரண்டு நாளாக அரிப்பு, கொசு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். டியூபில் குளோபெட்டசால் இருக்கிறது. தடுப்பூசி போடாத குட்டிகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா? இன்னொன்று, தாய் தெருநாய், கையில் அகப்படாது.

திருவட்டார் ஓய்வு:
நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மக்களே, பூதப்பாண்டிப் பிள்ளை சொன்னது சரி, மருந்து விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

கொண்டுபோகத்தான் வேண்டும், ஆனால் கூடையில் வைத்துக் கொண்டுபோ, ஆஸ்பத்திரித் தரையில் இறக்காதே, மற்ற நாய்கள் மோந்து பார்க்க விடாதே. குட்டிகளுக்கு ரத்தபேதி வரவைத்துக் கொல்லுகிற பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் கிடக்கும். கூட்டமாக இருந்தால் வெளியே நின்றுகொண்டு டாக்டரைக் கூப்பிடு.

தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லு. டெமோடெக்ஸ் என்றால் அதில் தெரிந்துவிடும். சொறிப்பூச்சி பல சமயம் சிக்காது, அதனால் தெரியவில்லை என்று சொன்னாலும் அறிகுறியை வைத்தே சிகிச்சை தொடங்குவார்கள், அது தப்பில்லை. உள்ளூர் மருந்தகத்தில் மைக்ராஸ்கோப் இல்லாவிட்டால் நாகர்கோவில், அதற்கும் கேட்கவில்லை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி.

மருந்து எடையைப் பொறுத்தது, வயதையும் பொறுத்தது. இப்போது எல்லோரும் சொல்கிற சொறி, உண்ணி மாத்திரைகள் பொதுவாக எட்டு வாரம் முடிந்த பிறகுதான், புளூரலானர், அபோக்சோலானர் என்றால் எடையும் 2 கிலோ இருக்கணும். உன் குட்டிகளுக்கு அந்த வயது ஆகவில்லை. செலமெக்டின் என்று பிடரியில் விடுகிற சொட்டு மருந்து ஆறு வாரத்திலிருந்து விடலாம், அதை டாக்டரிடம் கேள். ஐவர்மெக்டின் ஊசியை மாடு பார்க்கிற ஆளிடம் போட்டுக்கொள்ளாதே, இந்த வயதில் மருந்து மூளைக்கு ஏறிக் குட்டி விழுந்துவிடும். சொறிக்கு மேலே ஊற்றுகிற அமிட்ராஸ் கரைசலும் இப்போது வேண்டாம்.

அடிவயிற்றுக் கொப்புளம் ஈரத்தில் வருகிற பாக்டீரியா. வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து உலர்த்து, படுக்கை காய்ந்தால் அதுவே பாதி அடங்கும், குளோரெக்சிடின் என்கிற கிருமிநாசினிக் கழுவல் வேண்டுமா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். டெட்டால் ஊற்றாதே. வயிற்றுப்புழு மருந்து கொடுத்தாயா? இரண்டு வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டியது, இப்போதாவது பைரண்டெல் கொடு.

தாய்க்கும் மருந்து போகணும், ஆண்குட்டிக்கும் போகணும், சொறியாவிட்டாலும். ஒன்றை விட்டால் சுற்றிச் சுற்றித் திரும்ப வரும். பால் கொடுக்கிற நாய் என்று டாக்டரிடம் சொல்லி அதற்குத் தகுந்த மாத்திரை வாங்கு, சாளைமீனுக்குள் செருகிப் போட்டால் கையில் பிடிக்கவே வேண்டாம், தின்றுவிடும்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள். குட்டியின் முகம் திடீரென்று வீங்கி, தாடைக்கு அடியில் கட்டி உருண்டு, காய்ச்சல் அடித்தால் அது சொறியே இல்லை, எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்குகிற நோய், அன்றைக்கே கொண்டுபோகணும். அதற்குத்தான் ஸ்டீராய்டு, அதுவும் டாக்டர் கையால்.

வேர்க்கிளம்பி வாசி:
நன்றி ஐயா, நாளைக் காலையில் கூடையோடு கிளம்புகிறேன். அம்மா வேப்பெண்ணெயை விடமாட்டேன் என்கிறாள், அதையாவது லேசாகத் தடவலாமா?

பூதப்பாண்டி அக்கா:
குட்டிக்கு வேண்டாம், நக்கி உள்ளே போனால் வாந்தி, வலிப்பு வரைக்கும் போகும். அம்மாவுக்குக் கை ஓயவில்லை என்றால் அந்தப் புரையைச் சரிசெய்யச் சொல்லு. குட்டிகள் படுக்கிற சாக்கை எரித்துவிடு, சொறிப்பூச்சி உடம்பை விட்டும் சில நாள் அதில் உயிரோடு கிடக்கும். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் பலகை போட்டுப் பழைய வேட்டியை விரி, தினமும் மாற்றி வெந்நீரில் அலசிப் போடு. அம்மாவின் கை அரிப்பு, நாய்களுக்கு மருந்து கொடுத்த பிறகும் அடங்கவில்லை என்றால் தோல் டாக்டரிடம் போகட்டும், வீட்டில் நாய்க்குச் சொறி இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லணும், இல்லாவிட்டால் அவரும் கொசுக்கடி என்றே எழுதித் தருவார்.