அடிச்சு சொல்லி மொக்கை வாங்கின அனுபவம் இருந்தா எடுத்து விடுங்க

நாக்குநுனி:
போன வாரம் நடந்தது, என் மக இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி சிரிச்சிட்டிருக்கா. அதான் இங்க கொட்டிடறேன், நீங்களும் உங்க கதைய போடுங்க, நான் மட்டும் தனியா அசிங்கப்பட முடியாது.

மக ஏழாவது படிக்கிறா. நாக்கு படம் வரைஞ்சு பாகம் குறிக்கணும்னு உக்காந்திருந்தா. நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். நுனியில இனிப்பு, அதை ஒட்டி ரெண்டு ஓரத்துலயும் உப்பு, அதுக்கு உள்ள தள்ளி புளிப்பு, அடி நாக்குல கசப்புன்னு நாலு கலர் பென்சில் எடுத்து பட்டா பிரிக்கிற மாதிரி பிரிச்சுக் குடுத்தேன். யாருப்பா சொன்னாங்கன்னு கேட்டா. நான் படிக்கும்போது புத்தகத்துலயே இருந்துச்சு, மார்க்கே வாங்கிருக்கேன்னு சொன்னேன்.

அவ ஒண்ணும் பேசல. எழுந்து போய் ஒரு டம்ளர்ல உப்பு கரைச்சு எடுத்துட்டு வந்தா, காது குடையற பஞ்சுக்குச்சிய அதுல தொட்டா, கண்ணாடி முன்னாடி நின்னு நாக்கை நீட்டி சரியா நுனியில மட்டும் வெச்சா. "ப்பா, இங்கயும் கரிக்குது." தண்ணி வழிஞ்சு ஓரத்துக்குப் போயிருக்கும், தொடச்சிட்டு வைன்னேன். தொடச்சிட்டு வெச்சா. அப்பவும் கரிக்குதாம். இப்ப நான் சொன்னதை நினைச்சாதான் எனக்கே வெக்கமா இருக்கு, "காலைல சூடா பால் குடிச்சல்ல, நாக்கு வெந்திருக்கும்"னு சொல்லிட்டேன். புள்ள நிதானமா இன்னொரு குச்சிய எடுத்து என் கைல குடுத்துச்சு.

வெச்சுப் பாத்தேன். கரிச்சுது, நுனியிலதான். சத்தியமா சொல்றேன், ரெண்டு செகண்டு நம்ம நாக்குலயும் ஏதோ கோளாறு போலன்னுதான் எனக்குத் தோணுச்சு, அந்தப் படம் தப்பா இருக்கும்னு தோணவே இல்ல.

அப்புறம் உக்காந்து படிச்சா கதை இப்படிப் போகுது. 1901ல ஹெனிக்னு ஒரு ஜெர்மன்காரர், நாக்கோட ஓரத்துல எந்த இடத்துல எந்த சுவை கொஞ்சம் சீக்கிரம் தெரியுதுன்னு அளந்து பாத்திருக்கார். இடத்துக்கு இடம் வித்தியாசம் இருந்துச்சு, ஆனா ரொம்ப சின்ன வித்தியாசம். 1942ல எட்வின் போரிங்னு அமெரிக்க உளவியல்காரர் அந்தக் கணக்கை ஒரு கோட்டுப் படமா போட்டார், அதுல அளவு எவ்வளவுன்னு தெளிவா தெரியல. பாத்தவங்க எல்லாம் "இங்க தெரியும், அங்க தெரியாது"ன்னு எடுத்துக்கிட்டாங்க. 1974ல வர்ஜினியா காலிங்ஸ்னு ஒருத்தங்க திரும்ப சோதிச்சு, எல்லா இடத்துலயும் எல்லாம் தெரியுது, வித்தியாசம் கண்டுக்கற அளவுக்கு இல்லைன்னு சொல்லிட்டாங்க. நான் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே முடிஞ்ச விவகாரம் இது. அதை நான் மார்க் வாங்கின பெருமையில இன்னும் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

மூணாவதுபெஞ்ச்:
நண்பா நீங்க அடி வாங்கினது வீட்டுக்குள்ள, சொந்த மக கையால. நான் வாங்கினது காலேஜ் குரூப்ல, அறுபது பேர் பாக்க.

தேர்தல் நேரம். எங்க குரூப்ல ஒருத்தன் இருக்கான், அவனும் நானும் எதிரெதிர் அணி, அவன் குட் மார்னிங் போட்டாலே அதுல என்ன உள்குத்துன்னு நான் தேடுவேன், அவனும் அப்படித்தான். அவன் வாயை ஒரேயடியா அடைக்கணும்னு ஒரு ஓட்டெடுப்பு தயார் பண்ணி எனக்குத் தெரிஞ்ச எல்லா குரூப்லயும் சுத்த விட்டேன். மூணு நாள்ல 700 சொச்சம் ஓட்டு. நம்ம ஆளுக்கு 80 சதவீதம். ஸ்க்ரீன்ஷாட் போட்டு, "கணக்கு கைல இருக்கு மாப்ள, இனி வாயத் தொறக்காத"ன்னு எழுதிட்டு ஒரு மாலை போட்ட ஸ்டிக்கரும் அனுப்பினேன். அந்த ஸ்டிக்கர்தான் ஓவர்.

அவன் கோவப்படல, ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான். 1936ல அமெரிக்காவுல லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை, அதுக்கு முன்னாடி நடந்த பல தேர்தலை சரியா கணிச்ச பத்திரிகை, கிட்டத்தட்ட ஒரு கோடி பேருக்கு ஓட்டுச் சீட்டு மாதிரி கார்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல பதில் வந்து, ரூஸ்வெல்ட் தோப்பார், லேண்டன்தான் வருவார்னு எழுதிச்சு. நடந்தது என்னன்னா அப்ப இருந்த 48 மாநிலத்துல 46ஐ ரூஸ்வெல்ட் அள்ளிட்டார். ஏன்னா அவங்க பேர் எடுத்ததே டெலிபோன் புத்தகத்துல இருந்தும் கார் வெச்சிருக்கறவங்க பட்டியல்ல இருந்தும். அந்தப் பஞ்ச காலத்துல போனும் காரும் வெச்சிருந்தவன் யாரு? அது போக, கார்டை மெனக்கெட்டு திருப்பி அனுப்பினவனும் ஒரு தினுசான ஆளாத்தான் இருப்பான். அதே தேர்தல்ல ஜார்ஜ் கேலப் ஏறக்குறைய 50,000 பேரை மட்டும், ஆனா பல தரப்புலயும் பிரிச்சு எடுத்துக் கேட்டு, யார் ஜெயிப்பாருன்னு சரியா சொல்லிட்டார்.

கடைசியா அவன் சொன்னதுதான் இன்னும் காதுல இருக்கு: "20 லட்சம் பேரைக் கேட்டவனே மண்ணைக் கவ்வினான்டா, நீ உன் மச்சான், மச்சானோட மச்சான்னு 700 பேரைக் கேட்டுட்டு வந்து ஆடற." அதுக்கு அறுபது பேரும் சிரிப்பு. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்தான், ஆனா பானைய நல்லா கிளறி விட்டிருக்கணும்ல, நான் மேலாப்புல இருந்த நம்ம பருக்கையா பொறுக்கி எடுத்திருக்கேன்.

எங்க ஆளு தோத்துட்டார். ஸ்டிக்கரை அவன் சேத்து வெச்சிருந்து முடிவு வந்த அன்னிக்கு எனக்கே திருப்பி அனுப்பினான்.

அரைவேக்காடு:
மாலை போட்ட ஸ்டிக்கரா 😂 யோவ் உமக்கு வேணும்.

நம்மது சின்ன கதை. ஆகஸ்ட் 27 ராத்திரி செவ்வாய் கிரகம் நிலா சைஸுக்குத் தெரியும், இனி ஆயுசுல பாக்க முடியாதுன்னு ஒரு ஃபார்வர்டு வருமே. நான் அதை நம்பி பைனாகுலரை இரவல் வாங்கி, பக்கத்து வீட்டுப் பசங்களையும் எழுப்பிக் கூட்டிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். கடைசில ஒரு பையன் ஏரோப்ளேன் லைட்டைக் காட்டி "அங்கிள் அதுவா"ன்னான், நானும் தலையாட்டி வெச்சேன்.

பாவம் அந்த மெசேஜ்ல உண்மையும் கொஞ்சம் இருந்துச்சு. 2003 ஆகஸ்ட் 27 அன்னிக்கு செவ்வாய் நெசமாவே ரொம்ப பக்கத்துல வந்துச்சு, 60,000 வருஷத்துல அவ்வளவு பக்கம் வந்ததில்லையாம். பக்கம்னா சுமார் 5 கோடியே 57 லட்சம் கிலோமீட்டர். 75 மடங்கு பெருசாக்கற டெலஸ்கோப்புல பாத்தா, வெறுங்கண்ணுல நிலா தெரியற அளவுக்குத் தெரியும்னு யாரோ எழுதியிருக்காங்க, கை மாற மாற டெலஸ்கோப் கழண்டு விழுந்துடுச்சு, வருஷமும் விழுந்துடுச்சு, தேதி மட்டும் ஒட்டிக்கிட்டு ஒவ்வொரு ஆகஸ்ட்டும் வருது. இத்தனைக்கும் செவ்வாய் நமக்குக் கிட்ட வர்றதே ஏறக்குறைய 26 மாசத்துக்கு ஒரு தடவைதான்.

தூங்காநிலவு:
@அரைவேக்காடு தம்பி, ஏரோப்ளேனுக்குத் தலையாட்டினீங்க பாருங்க, அங்கதான் நீங்க அரசியலுக்குத் தகுதி ஆயிட்டீங்க.

என்னோடது சாப்பாட்டு சண்டை. எங்க வீட்டுக்காரர் கொத்தமல்லித் தழைன்னா தட்டையே தள்ளி வெச்சுருவார். சோப்பு வாடை அடிக்குதும்பார். கல்யாணம் ஆன புதுசுல நான் பாத்திரம் சரியா அலசலன்னு குத்திக் காட்டறார்னே நெனச்சேன், ஒரு தடவை அவர் முன்னாடி நின்னே ரெண்டு தரம் கழுவிக் காட்டினேன், அப்பவும் அதே பேச்சு. சரி கொழுப்புன்னு முடிவு பண்ணிட்டேன். பல வருஷம் கண்ணுக்குத் தெரியாத மாதிரி நைசா அரைச்சுக் கலந்து வெச்சிருக்கேன், மனுஷன் முதல் வாய்லயே கண்டுபிடிச்சிருவார், எனக்கு அது இன்னும் எரிச்சல்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, கொத்தமல்லி வாசனைக்குக் காரணமான ஆல்டிஹைடு வகைப் பொருள்ல சிலது சோப்புலயும் இருக்காம். அதை மோந்து கண்டுபிடிக்கற ஏற்பி ஒண்ணு, ஓஆர்6ஏ2ன்னு பேரு, அந்த ஜீன் பக்கத்துல இருக்கற ஒரு வித்தியாசத்துக்கும் இந்த சோப்பு வாடைக்கும் தொடர்பு இருக்குன்னு 2012ல எழுதியிருக்காங்க. ஜீன் மட்டுமே எல்லாத்தையும் முடிவு பண்ணாது, பழக்கமும் இருக்குன்னும் சொல்றாங்க, அந்த ஒரு வரிய மட்டும் அவர்கிட்ட படிச்சுக் காட்டல, ஏன்னா மிச்சத்தைப் படிச்சதுக்கே "மன்னிப்பு கேளு"ன்னு ரெண்டு நாள் பின்னாடியே சுத்தினார். கேக்கல. இப்ப தனியா எடுத்து வெச்சிட்டு மேல தூவறேன், அதுவே மன்னிப்புதான்.

வாய்ச்சவடால்:
அரசியல்னதும் ஞாபகம் வருது. நான் எந்த சண்டையும் தோக்கப் போறேன்னு தெரிஞ்சா ஒரு டயலாக் வெச்சிருந்தேன். "நீ சொல்றது எனக்கு ஒப்பில்ல, ஆனா அதைச் சொல்ற உன் உரிமைக்காக உயிரைக் கொடுப்பேன், வால்டேர் சொன்னது"ன்னு போட்டுட்டு கெத்தா கிளம்பிடுவேன். ஒரு நாள் ஒரு அக்கா, ரொம்ப அமைதியான டைப், "தம்பி, அது வால்டேர் எழுதினது இல்ல. அவரைப் பத்தி எழுதின ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால்னு ஒருத்தங்க, அவரோட மனப்போக்கு இப்படின்னு விளக்க 1906ல போட்ட வரி. அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு அப்ப"ன்னாங்க.

நான் விடுவேனா. "அதான் இந்த இடதுசாரிங்க எல்லாத்துக்கும் குத்தம் கண்டுபிடிப்பீங்க"ன்னேன். அதுக்கு அந்தக்கா, "இடது வலதுன்னு பேர் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா"ன்னு கேட்டாங்க. தெரியாது. 1789ல பிரான்ஸ் சபையில ராஜா பக்கம் பேசினவங்க தலைவருக்கு வலது கைப் பக்கமும், மாத்தணும்னு நின்னவங்க இடது பக்கமும் உக்காந்தாங்களாம், அவ்வளவுதான், உக்காந்த இடம். "நான் இப்ப உனக்கு எந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்"ன்னு கேட்டாங்க. வலது பக்கம்தான் உக்காந்திருந்தாங்க. என்னத்த சொல்ல.

மூணாவதுபெஞ்ச்:
@வாய்ச்சவடால் உரிமைக்காக உயிரைக் கொடுப்பேன்னவர் ஒரு வரிய விட்டுக் கொடுக்க மாட்டேன்னுட்டாரே.

சுத்துறபூமி:
எல்லாரும் அடி வாங்கின கதை சொல்றீங்க, நான் அடி கொடுக்கப் போய் வாங்கின கதை. ஒரு சொந்தக்காரப் பையன் "விண்வெளியில ஏன் மெதக்கறாங்க"ன்னு கேட்டான், எங்க பெரியப்பா "காத்து இல்லல்ல, அதான்"னார். எனக்கு ஜிவ்வுன்னு ஏறிடுச்சு. காத்துக்கும் அதுக்கும் என்ன பெரியப்பா சம்பந்தம், அங்க ஈர்ப்பு விசையே கிடையாது, அதனால மெதக்கறாங்கன்னு எல்லார் முன்னாடியும் ஒரு பாடம் எடுத்தேன். பெரியப்பா முகம் சுண்டிப் போச்சு.

அந்தப் பையன் ரெண்டு நாள் கழிச்சு போன் பண்றான். "அண்ணே, விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் மேலதான் சுத்துது, அங்க ஈர்ப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்காம். ஈர்ப்பே இல்லன்னா அது எப்படிண்ணே பூமியைச் சுத்தும், நேரா போயிடாதா?" எனக்குப் பதில் இல்ல. நெசமா அது விழுந்துட்டேதான் இருக்கு, ஆனா மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்துல பக்கவாட்டுல ஓடறதால, விழற அளவுக்கு பூமியும் வளைஞ்சு கீழ போயிட்டே இருக்கு. உள்ள இருக்கற ஆளும் கூடவே விழறான், அதனால எது மேலயும் அழுத்தம் படாம மெதக்கறான். லிஃப்ட் கீழ கிளம்பும்போது வயித்துக்குள்ள ஒரு மாதிரி ஆகுமே, அதை நிறுத்தாம வெச்சிருந்தா எப்படியோ அப்படி.

பெரியப்பா சொன்னதும் தப்பு, நான் சொன்னதும் தப்பு, ஆனா அவர் மெதுவா சொன்னார், நான் சத்தமா சொன்னேன். போன் பண்ணி சொல்லணும்னு இருக்கேன், இன்னும் பண்ணல, என்னன்னு ஆரம்பிக்கறது.

நாக்குநுனி:
@சுத்துறபூமி பண்ணிடுங்க பாஸ், பேரன் கதையா சொல்லி நடுவுல நுழைச்சிடுங்க.

எல்லாத்தையும் மகளுக்குப் படிச்சுக் காட்டினேன், ஸ்டிக்கர் கதைக்கு விழுந்து விழுந்து சிரிச்சா. அதோட விட்டாளா. உப்பு தெரிஞ்சா மாதிரி காரமும் நுனியில தெரியுமான்னு அடுத்த சோதனை. இந்தத் தடவை வாயைத் தொறக்காம முதல்ல தேடிப் பாத்தேன், பாத்தா காரம் சுவையே இல்லையாம். மிளகாய்ல இருக்கற கேப்சைசின் போய், டிஆர்பிவி1ன்னு சூட்டையும் வலியையும் உணர்ற ஒரு ஏற்பியைக் கிளப்பி விடுது, 43 டிகிரிக்கு மேல சூடு பட்டா எது முழிச்சுக்குமோ அதே ஏற்பி. மூளைக்கு வாய் வேகுதுன்னுதான் தகவல் போகுது. அதைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021ல நோபல் குடுத்திருக்காங்க. தண்ணி குடிச்சா அடங்காம இருக்கறதும் அதனாலதான், அந்தச் சரக்கு தண்ணியில கரையாது, பால் கொஞ்சம் கேக்கும். இன்னொண்ணு, பறவைங்களோட ஏற்பிக்கு கேப்சைசின் உறைக்கவே உறைக்காது. கிளி மிளகாப்பழத்தைக் கொத்தித் தின்னுட்டு ஹாயா இருக்கறது அதுக்கு வீரம் இல்ல, ஒண்ணும் தெரியல, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்லி முடிச்சதும் யோசிச்சா. "அப்ப அறுசுவைல கார்ப்பு கணக்குல வராதா?" வராது போலம்மா, துவர்ப்பும் கூட நாக்கு வறண்டு இழுக்கற உணர்ச்சிதான், சுவை இல்லைன்னு பெரும்பாலும் சொல்றாங்க, ஆனா ஜப்பான்ல இகேடான்னு ஒருத்தர் 1908லயே உமாமின்னு ஒண்ணைப் பிரிச்சுச் சொல்லியிருக்கார், அதைச் சேத்துக்கிட்டா அஞ்சு வரும்னேன்.

"சரிப்பா, பாட்டிகிட்ட ஆறு இல்ல அஞ்சுதான்னு நீ சொல்றியா நான் சொல்லட்டுமா?"

நீயே போய் சொல்லும்மா, குச்சிய எடுத்துட்டுப் போன்னு அனுப்பி வெச்சிருக்கேன். உள்ள இருந்து சத்தம் கேக்குது.