படிப்பகத் தளம்: ஸ்லாக் சிமெண்ட் வாங்கலாம், ஆனால் 14 நாள் தண்ணீர் விட ஆள் வேண்டும்

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

பொருளாளர் மாமா அனுப்பிய படிப்பகக் கணக்கைப் பார்த்தேன். சிமெண்ட், கம்பி, ஜல்லி, கூலி எல்லாம் இருக்கிறது, மேல்தளம் (கூரைக் கான்கிரீட்) போட்ட பிறகு தண்ணீர் விடுவதற்கு மட்டும் ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

பழைய படிப்பகத்தில் தளம் எப்படிப் பெயர்ந்து விழுந்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பி துருவேறி உப்பி, அடிக் காரையைத் தள்ளிவிட்டது. நான் வேலை பார்க்கும் அபுதாபியிலும் இதே கடல் உப்புத்தான், அதனால் அடித்தளக் கான்கிரீட்டில் சிமெண்டில் பாதிக்கு மேல்கூட ஸ்லாக் பொடி போடுகிறோம். இரும்பு ஆலை ஊதுலையில் உருகி வரும் கசடின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் மணல் மாதிரி உதிரும், அதை மாவாக அரைத்ததுதான் ஸ்லாக். சிமெண்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு சேர்ந்து அது நுண்துளைகளை அடைத்துவிடும், உப்பு உள்ளே இறங்குவது வெகுவாகக் குறையும்.

புகையும் குறைவு. சாதா சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரியில் சுடவேண்டும். எரிபொருள் புகை போக, கல்லே கரியமில வாயுவைக் கக்கும். கசடோ ஏற்கெனவே உலையில் வெந்து வந்தது.

சிங்கப்பூர் அண்ணன் "இது சீக்கிரம் இறுகாதாமே" என்று கேட்டிருந்தார். உண்மைதான் அண்ணே. முதல் வாரம் மெதுவாகத்தான் பலம் ஏறும், 28 நாளில் ஈடுகட்டிவிடும், அதன் பிறகும் ஏறும். ஆனால் அந்த முதல் நாட்களில் தளம் காய்ந்துவிட்டால் ஸ்லாக் போட்டும் பயனில்லை, மேல்பரப்பு பொடிந்துபோகும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, ஸ்லாக் மாதிரிக் கலப்பு சிமெண்டுக்கு 14 நாள் ஈரம் இருக்கட்டும் என்று பரிந்துரைக்கிறது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவேண்டும், காலையில் ஒரு வாளி ஊற்றிவிட்டுப் போவது போதாது. ஊர்க் கிணற்று உப்புத் தண்ணீர் கலவைக்கும் வேண்டாம், பாத்திக்கும் வேண்டாம், டேங்கர் வரவழையுங்கள். தளத்தைத் தாங்கும் முட்டுகளையும் ஏழாம் நாளே பிரிக்க விடாதீர்கள்.

கடையில் கேட்காமல் வாங்கினால் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டைத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள், அதனால் மூட்டையில் ஸ்லாக் சிமெண்டின் தர எண்ணான ஐ.எஸ். 455 என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம், கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்த அதற்கு அடியில் 45 மில்லிமீட்டர் கவர் பிளாக் வையுங்கள், ஒரு மூட்டை சிமெண்டுக்கு மணலின் ஈரத்தையும் சேர்த்து 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. கலவை கெட்டியாக இருக்கிறது என்று கொத்தனார் கூடுதலாக ஊற்றத்தான் பார்ப்பார், யாராவது பக்கத்தில் நிற்கவேண்டும். பலகை பிரிக்கும்போது கான்கிரீட் நீலப்பச்சையாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், ஸ்லாக்கின் நிறம் அது, காற்றுப் பட்டால் சில நாளில் மங்கிவிடும்.

மாமா, அந்த 14 நாள் ஆள்கூலியையும் டேங்கர் செலவையும் கணக்கில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். அந்தப் பணத்தை நானே அனுப்புகிறேன்.