பிளாட்டோ தெ பெய்ல் ஏற்றம்: 32 பல் கேசட்டுக்கு குட்டைக் கூண்டு டெரெய்லர் தாங்குமா?

வணக்கம். பிரான்சின் பிரனீஸ் மலையில் உள்ள இந்தப் பீடபூமி, குளிர்காலத்தில் நார்டிக் பனிச்சறுக்குத் தளம். கோடையில் சைக்கிள்காரர்களுக்குக் கடும் சோதனை. டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் 1998இல் பன்டானியும் 2024இல் போகாச்சரும் ஒரு நாள் கட்டத்தை வென்ற இடம். லெ கபான் ஊரிலிருந்து 15.8 கி.மீ., சராசரி 7.9% சரிவு.

ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், மணிக்கு 10 கி.மீ. வேகத்துக்கே சுமார் 200 வாட் தேவை. முன்னால் 34, பின்னால் கேசட்டில் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) 28 பல் போட்டால் மிதிப்பு நிமிடத்துக்கு 65தான். ஒன்றரை மணி நேரம் அப்படி மிதித்தால் முழங்கால் போய்விடும். 32 போட்டால் 75 வரும்.

சிக்கல் இதுதான். வண்டியில் இருப்பது ஷிமானோ 105 ஆர்7000 பின் டெரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி); செயினை இழுத்துப் பிடிக்கும் அதன் கூண்டு குட்டை. அதிகபட்சம் 30 பல், மொத்தக் கொள்ளளவு (முன், பின் பல் வித்தியாசங்களின் கூட்டு) 35. முன்னால் 50/34 உடன் பின்னால் 11-32 போட்டால் 16+21, அதாவது 37 ஆகிறது. செயினைப் பெரிய-பெரிய பல்லுக்கு அளந்து வெட்டினால் அறுபடாது, ஆனால் சின்ன-சின்னதில் தொங்கும். அதைத் தவிர்த்து ஓட்டிவிடலாம். டெரெய்லரின் மேல் புல்லி (செயின் ஓடும் சிறு சக்கரம்) 32 பல்லில் உரசுவதுதான் கவலை.

பி-திருகை (புல்லிக்கும் கேசட்டுக்கும் உள்ள இடைவெளியை மாற்றும் திருகு) முறுக்கியே இடைவெளி கிடைத்ததா? அல்லது நீளக் கூண்டுக்கே மாறிவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று: இறக்கத்தில் ரிம் பிரேக்குக்கு அலுமினிய ரிம்மே போதுமா, கார்பனைத் தவிர்த்துவிடலாமா?