மறு: ‘கோர்ஸ்’ என்பதற்குச் ‘சுற்று’ சரியா?

> ‘செவன் கோர்ஸ் டின்னர்’ என்பதை ‘ஏழு சுற்று விருந்து’ என்று எழுதலாமா? பாரிஸில் ஒரு பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தைப் பற்றிய கட்டுரைக்காகக் கேட்கிறேன்.

நண்பர்களே,

எழுதலாம், ஆனால் வேண்டாம் என்பது என் கருத்து. அப்படிப்பட்ட உணவகம் ஒன்றில் பரிமாறிக்கொண்டிருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் பந்தியில் சுற்று என்றால் ஏற்கெனவே இலையில் விழுந்தது மறுபடி வருவது. ‘ரசம் ரெண்டாவது சுற்று வருது’ என்போம். சாம்பார், ரசம், மோர் என்று நமக்கும் வரிசை உண்டுதான். ஆனால் இலை மாறுவதில்லை; பொரியலும் ஊறுகாயும் கடைசிவரை ஓரத்தில் துணையிருக்கும். இங்கே கதை வேறு. ஒன்று முடிந்தால் அதன் சுவடே இருக்கக் கூடாது. தட்டு போகும், அதற்கென்று வைத்த கத்தியும் முள்கரண்டியும் போகும், அடுத்ததற்கு உரியவை வரும். இனிப்பு வருமுன் மேசைவிரிப்பில் சிந்திய ரொட்டித் துகளைக்கூட ஒரு சின்னத் தகட்டால் வழித்தெடுத்துவிடுவோம். போனது திரும்பி வராத இடத்தில் ‘சுற்று’ எப்படிப் பொருந்தும்?

பிரெஞ்சுக்காரர்களும் எப்போதும் இப்படிச் சாப்பிட்டவர்கள் இல்லை. பழைய ‘பிரெஞ்சு முறை’யில் பல உணவுகளை ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள், எட்டியதை எடுத்துக்கொள்ள வேண்டும், சூடாக இருப்பது அவரவர் அதிர்ஷ்டம். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் பரிமாறும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. அதற்கு அவர்களே வைத்த பெயர் ‘ரஷ்ய முறை’. அடுத்து என்ன வரும் என்று கண்ணுக்குத் தெரியாததால் ஒவ்வொருவர் முன்னும் உணவு வரிசையை எழுதிய அட்டை வைப்பது வழக்கமானது. ஹோட்டல் நிர்வாகி செசார் ரிட்ஸும் சமையல்காரர் ஒகுஸ்த் எஸ்கோஃபியேயும் 1890 முதல் லண்டன் சவாய் ஹோட்டலில் சேர்ந்து வேலை பார்த்தார்கள். பாரிஸ் வாந்தோம் சதுக்கத்தில் ரிட்ஸ் ஹோட்டல் 1898இல் திறந்தது. ஊர்ப் பணக்காரர்கள் வீட்டை விட்டு வந்து ஹோட்டலில் சாப்பிடுவது பெருமையானது இந்த இருவர் காலத்தில்தான். எஸ்கோஃபியே அடுக்களையைப் பிரிவு பிரிவாகப் பிரித்தார்: சாறுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், சுட்ட இறைச்சிக்கு ஒருவர். ஒரே தட்டுக்கான பொருள்கள் இரண்டு மூன்று கைகளில் ஒரே நேரத்தில் தயாராகும். ரஷ்ய முறைக்கு வேண்டிய வேகம் அதனால் கிடைத்தது.

இன்னும் அதே அமைப்புத்தான். தட்டுகள் வெளியேறும் மேடையருகே ஒருவர் நின்று சீட்டைப் படித்துக் கத்துவார். அவருக்குப் பிரெஞ்சில் ‘அபுவாயேர்’ என்று பெயர். ‘குரைப்பவர்’ என்று பொருள். கேலி இல்லை, பதவியின் பெயரே அதுதான். அவர் மேசை எண்ணைச் சொல்லிக் குரல் கொடுத்த பிறகுதான் அந்த மேசையின் மீன் அடுப்பேறும். நான்கு பேர் என்றால் நான்கு தட்டும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக இறங்க வேண்டும். நடுவில் ஒருவர் போன் பேச எழுந்து போனால் மற்ற மூவரின் தட்டும் நிற்கும். ஆக, கோர்ஸ் என்பது ஒரு பதார்த்தம் அல்ல. ஒரு மேசைக்கு ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போகிற தொகுதி. நமக்கு வேண்டிய சொல் இந்த இரண்டையும் காட்ட வேண்டும்.

இதுவரை வந்த பரிந்துரைகள்: ‘முறை’ என்றால் ஏழு முறை சாப்பிட்டதாகிவிடும். ‘ஏழு படி’ என்றால் அரிசி அளக்கிற நினைப்பு வருகிறது. ‘மாற்று’ எனக்குப் பிடித்திருந்தது, ‘முதன்மை மாற்று’ என்று எழுதிப் பார்க்கும்வரை. ‘இடுகை’ அருமையான சொல்; ஆனால் வலைப்பதிவர்கள் முந்திக்கொண்டார்கள்.

என் பரிந்துரை ‘ஈடு’. இட்லிப் பானையில் ஒரு தடவை வைத்து எடுப்பது ஒரு ஈடு. முதல் ஈட்டை எடுத்தால்தான் அடுத்த ஈட்டை வைக்க முடியும். ஒரு ஈட்டில் உள்ள எல்லாம் ஒன்றாக வேகும், ஒன்றாக இறங்கும். வேர் ‘இடு’, சோறிடுவதும் அதே இடுதான். சேர்த்து எழுதிப் பார்த்தேன்: ஏழு ஈட்டு விருந்து, மீன் ஈடு, முதன்மை ஈடு, ஈட்டுக்கு ஈடு தட்டு மாறும். நாக்கில் தடையில்லாமல் வருகிறது. இங்கே பல அட்டைகளில் ‘ஏழு காலங்களில்’ என்கிற பொருளில்தான் அச்சிடுகிறார்கள், ஆகவே சமையல் நேரத்தோடு ஒட்டிய சொல் அவர்களுக்கும் அந்நியமில்லை.

கட்டுரையாசிரியருக்கு ஒரு எச்சரிக்கை. ‘ஆந்த்ரே’ என்றால் பிரான்சில் முதலில் வருவது, அமெரிக்காவில் முதன்மை ஈடு. அட்டை எந்த ஊருடையது என்று பார்த்து எழுதுங்கள். பாலாடைக்கட்டி இங்கே இனிப்புக்கு முன்பே வந்துவிடும், வண்டியில்.

—

தம்பி,

ஈடு நல்ல சொல். ஆனால் எங்கட பக்கம் ‘ஈடு வைக்கிறது’ என்றால் காணியையோ நகையையோ வைத்துக் காசு வாங்குவது. ஏழு ஈடு என்று வாசித்தால் எங்கட ஆக்களுக்கு நெஞ்சு பதறும். ‘தட்டு’ என்று நீர் எழுதியதையும் நாங்கள் ‘கோப்பை’ என்றுதான் சொல்லுவோம்; ஆனபடியால் தட்டை வைத்துச் சொல் செய்யாமல் விட்டது நல்லது. அது சரி, சாப்பாட்டுக்கு முன்னம் கேட்காமலே கொண்டு வந்து வைக்கிற அந்தச் சின்னச் சாமானும் ஈடோ?

—

அண்ணா,

பில்லைப் பார்த்தால் இரண்டு பொருளும் பொருந்தும் என்பதால் நான் கவலைப்படவில்லை. ‘விருந்து’, ‘மீன்’, ‘முதன்மை’ என்று ஏதாவது ஒன்று பக்கத்தில் இருந்தால் அடகுக்கடை நினைவு வராது என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்டது ‘அமுஸ் பூஷ்’. அது ஈடு அல்ல. அட்டையில் இருக்காது, பில்லில் தனியாக வராது, ஏழு என்ற கணக்கிலும் சேராது. கடைசியில் காப்பியோடு வரும் ‘மிஞ்ஞார்தீஸ்’ என்கிற குட்டி இனிப்புகளும் அப்படியே. இரண்டுக்கும் ‘கொசுறு’ போதும்: முன்கொசுறு, பின்கொசுறு. இவ்வளவு விலை வாங்கும் இடத்தில் கீரைக்கட்டுக் கடைச் சொல்லா என்று யாராவது கேட்பார்கள். செய்கிற வேலை அதேதான்.

உணவகத்தின் மது வல்லுநரான ‘சொமெலியே’வுக்குப் பரிந்துரையாக வந்த ‘மது பரிமாறுபவர்’ போதாது. ஊற்றுவது அவர் வேலையில் சிறு பகுதி. எதை வாங்கி நிலவறையில் வைப்பது, எந்த ஈட்டுக்கு எது சேரும் என்று சொல்வதெல்லாம் அவர்தான். யவனர் கொண்டுவந்த ‘தண்கமழ் தேறல்’ (குளிர்ந்த, மணக்கும் மது) புறநானூற்றிலேயே இருப்பதால் ‘தேறல் தேர்நர்’ என்று வைக்கலாம். ஆட்சேபம் இருப்பவர்கள் அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே ஈட்டை முதலில் முடிப்போம்.