நாலடி மீன்தொட்டி: உயரமும் மேல்பட்டியும்

கண்ணாடி மீன்தொட்டி செய்யறதைப் பத்தி நாலு ஊர்க்காரங்க ஆளுக்கொரு பங்கா இங்க பேசறாங்க.

கோயமுத்தூர்

தொட்டி செய்யச் சொல்றவங்க லிட்டர் கணக்குத்தான் முதல்ல கேக்கறாங்க. கண்ணாடியைத் தள்ளுற அழுத்தம் தண்ணியோட உயரத்தைப் பொறுத்ததுங்க. நாலடி நீளம், ஒன்றரை அடி உயரத் தொட்டி, அதாவது 120 செ.மீ.க்கு 45 செ.மீ., விளிம்பு வரை நிரம்பினா முன்பக்கக் கண்ணாடி மேல சுமார் 120 கிலோ பாரம் விழும். அதே நீளத்துல உயரத்தை 60 ஆக்குங்க, 216 கிலோ. பதினஞ்சு செ.மீ. கூட்டினதுக்கு இத்தனை! 45 உயரத்துக்கு 10 எம்எம் தடிமன் கண்ணாடி, 60 உயரத்துக்கு 12 எம்எம், ரெண்டுக்கும் மேல்பட்டி, அதாவது மேல் விளிம்பு வீங்காம பிடிக்கற கண்ணாடிப் பட்டி, போட்டே ஆகணும்.

இந்தப் பாரத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கை மேல் விளிம்பு தாங்கணும். கீழ் விளிம்பை அடிக்கண்ணாடி பிடிச்சுக்கும். மேல பிடிக்க ஒண்ணுமில்லைன்னா நடுவுல வீங்கும், மூலை சிலிகான் மெல்ல இழுபட்டுப் பிரியும்.

45 உயரத் தொட்டிக்கு, அடிக்கண்ணாடி 120×45 வெச்சு, அது மேல சுவரை நிறுத்தற முறைன்னா அளவு இப்படி: முன்னும் பின்னும் 120×44, பக்கவாட்டு ரெண்டும் 42.8×44. ஒட்டுக்கு 1 மி.மீ. இடைவெளி கழிச்சாச்சு. மேல்பட்டியில முன்னும் பின்னும் நீளவாக்குல போடற நீளப்பட்டி 117.8 செ.மீ., அகலம் 6 செ.மீ., அதே 10 எம்எம். விளிம்புக்கு 2 செ.மீ. கீழே உள்பக்கமா ஒட்டணும். குறுக்குப் பட்டி 15 செ.மீ. அகலத்துல நடுவுல ஒண்ணு.

இங்கதான் பலரும் தப்பு பண்றாங்க. குறுக்குப் பட்டியை ரெண்டு சுவருக்கும் நடுவுல முட்டுக் கொடுத்து ஒட்டிடறாங்க. அப்ப பட்டியோட தடிமன் அளவுக்குத்தான் சிலிகான் பிடிக்கும், இழுத்தா விட்டுடும். நீளப்பட்டி மேல படுக்க வெச்சு, ரெண்டு பக்கமும் 5 செ.மீ. ஏத்தி ஒட்டுங்க. பிடிக்கற பரப்பு பல மடங்கு.

திருப்பூர்

சிலிகான் பக்கம் நான் சொல்றேனுங்க. வினிகர் வாசம் அடிக்கற வகை, கலப்பில்லாத சிலிகான். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் ரகம் மீனுக்கு ஆகாது. 280 மி.லி. குழல் ரெண்டு வாங்கி வெச்சுக்கங்க, ஒரு ஒட்டு பாதியில நிக்கக் கூடாது.

ஒட்டறதுக்கு முன்னாடி விளிம்பைத் துடைக்க அசிட்டோன். பெயின்ட் தின்னர் எண்ணெய்ப் பசை விடும். நம்ம ஊர்ல எந்தப் பட்டறைக்குப் போனாலும் பனியன் வேஸ்ட்டு, அதாவது பனியன் துணி வெட்டின கழிவுதான் கைக்கு வரும்; தயவு செஞ்சு அதை எடுக்காதீங்க. பிசிறு விளிம்புல ஒட்டிக்கிட்டு, பின்னாடி அந்த இழை வழியாவே தண்ணி கசியும். பிசிறு விடாத வெள்ளைத் துணியோ டிஷ்யூ பேப்பரோ போதும். துடைச்ச விளிம்பை விரலால தொடக் கூடாது.

ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப திறந்த இடத்துல ஒட்டாதீங்க, புழுதி வந்து உக்காந்துக்கும். சித்திரை வெயில்ல வேற சிக்கல். இந்தச் சிலிகான் காத்துல இருக்கற ஈரத்தை வாங்கித்தான் இறுகும், வறண்ட அறையில உள்ளே இறுக நாளாகும். ஈரத்துணி தொங்க விடலாம், ஆனா ஒட்டு மேல தண்ணி தெளிக்க வேண்டாம். ஒட்டு ஓரமா மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தா, சிலிகான் மேல தோல் கட்டறதுக்குள்ள உரிச்சிடணும். எந்தப் பருவமானாலும் ஏழு நாள் கழிச்சுத்தான் தண்ணி.

கண்ணாடியை அழுத்திச் சிலிகானை முழுக்கப் பிதுக்கித் தள்ளுறதும் கெடுதல். ஒரு மி.மீ. தங்கினாத்தான் ஒட்டு நெகிழ்ந்து கொடுக்கும்.

பொள்ளாச்சி

ரெண்டு சேர்க்கறேன். விளிம்புல நகக்கண் அளவு சில்லு பெயர்ந்திருந்தாலும் அந்தக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துடுங்க, வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். நாலு விளிம்பும் எட்ஜ் பாலிஷ் போடணும். டஃபன்ட் கண்ணாடின்னா, அதாவது சூடேத்தி உறுதியாக்கினதுன்னா, ஓட்டை போடறதா இருந்தா சூடேத்தறதுக்கு முன்னாடியே போட்டுடணும், பிறகு முடியாது. உடைஞ்சா ஒரே நொடியில பொடியாகி மொத்தத் தண்ணியும் வீட்டுக்குள்ள வந்துடும். சாதாக் கண்ணாடி பெரும்பாலும் கீறல் விட்டுக் கசியும், நமக்கு நேரம் கிடைக்கும். எனக்குச் சாதாதான் மேல்.

ஈரோடு

ஸ்டாண்டைப் பத்தி யாரும் பேசலீங்களே. 45 உயரத் தொட்டி கண்ணாடி மட்டும் 50 கிலோவுக்கு மேல, தண்ணி மணலோட 300-ஐ நெருங்கும். வீட்டு மாடித் தளத்துக்குக் கணக்குப் போடற பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ. தொட்டி நிக்கற இடமோ அரை சதுர மீட்டர் கொஞ்சம் கூட. மாடின்னா தளத்து நடுவுல வைக்காதீங்க, பாரம் தாங்கற சுவரை ஒட்டி வைங்க. எந்த மாடின்னாலும் கட்டட இன்ஜினியர்கிட்டக் கேட்டுட்டு வைக்கறது நல்லது.

ஸ்கொயர் பைப் ஸ்டாண்டுல வெல்டிங் முண்டைக் கிரைண்டர் போட்டு மழிக்கணும். மேல 18 மி.மீ. பிளைவுட், அது மேல 12 மி.மீ. தெர்மாகோல். ரசமட்டம் நீளவாக்குல, அகலவாக்குல, மூலைக்கு மூலையும் பாருங்க. முறுக்கி நிக்கற ஸ்டாண்டு, சாஞ்சு நிக்கறதை விட மோசம்.

தண்ணியை மூணு பாகமா, நாளைக்கு ஒரு பாகம் விடுங்க. ஒவ்வொரு தடவையும் மேல் விளிம்புல நூல் பிடிச்சு நடுவுல வீக்கம் பாருங்க. ரெண்டு மி.மீ. தாண்டினா இறைச்சுட்டுப் பட்டியைச் சோதிங்க.

கசிஞ்சா வெளியே சிலிகான் பூசி மூடறது நிக்காது, உள்ளிருந்து வர்ற அழுத்தமே அதைத் தள்ளி விட்டுடும். பழைய சிலிகான் மேல புதுசும் சரியாப் பிடிக்காது. தொட்டியைக் காய வெச்சு, அந்த ஒட்டைப் பிளேடு போட்டு அடிவரைக்கும் சுரண்டி எடுத்து, அசிட்டோன் துடைச்சு, மறுபடி ஏழு நாள்.